காயமில்லாக் கட்டு

சௌந்தரபாண்டியன் ஓட்டிய பேருந்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாளியம்மாள் பரிபூரணம், பாதிரியாரை அழைத்து மந்திரிக்கச் செய்து, முன்கண்ணாடிக்கு மேலே எழுதுவித்த பெயர் ‘அருள்மலர்’. இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சைக்கிள் மிதிப்பவர்கள் வைத்த பெயர் ‘எறங்கு வண்டி’. அதன் மூன்று குழல் ஹாரன் முழங்கிய மாத்திரத்தில் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். இறங்கியதோடு நில்லாமல் தாரை விட்டு மண்ணிலும், மண்ணை விட்டு முள்ளிலும் இறங்கிவிட வேண்டும்.

இத்தனைக்கும் சௌந்தரபாண்டியன் கொடியவர் அல்லர். தெருவில் படுத்திருக்கும் நாயைக்கூட எழுப்ப மனமின்றிச் சுற்றிக்கொண்டு நடப்பவர். ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தபின்தான் அவருக்கு வேறொரு நியாயம் பிறக்கும். போட்டிக் கம்பெனியின் பேருந்து எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அது முந்திவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் நிற்கும் கூட்டம் முழுவதும் அதில் ஏறிவிடும். ஆதலின், தார் பேருந்துக்கு, மண் சைக்கிளுக்கு என்று சாலையை அவர் மனத்திற்குள் பாகம் பிரித்துப் பத்திரமும் முடித்துவிட்டிருந்தார்.

இருட்டில் சைக்கிள்காரர்கள் தம் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு அவர்களே பொறுப்பு என்பதும் அவருடைய முடிவு. அதில் ஓரளவு உண்மையும் இல்லாமலில்லை. டைனமோ விளக்கு, மிதிக்கிற வரையில் எரியும். பின்னால் பேருந்தின் இரைச்சல் கேட்டதும் மிதிப்பவன் அஞ்சி மிதிப்பதை நிறுத்துவான், விளக்கு அணைந்துபோகும். ஆகவே ஒருவரும் வராத வெறுஞ்சாலையில் ஜொலித்துக்கொண்டு போகிறவன், பேருந்து நெருங்கும் வேளையில் பார்த்து இருளோடு இருளாகக் கலந்துவிடுவான். பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடி ஒன்று உண்டு. அதையும் சோற்றுப்பை மறைத்துத் தொங்கும்.

எண்பத்தேழாம் ஆண்டுக் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். மலைக்குப் பின்னால் பொழுது சீக்கிரமே விழுந்துவிட்டது. மம்சாபுரத்துக்குப் பாதை பிரியும் விலக்கு தாண்டியதும் முன்னே ஏதோ கறுப்பாக அசைவதைக் கண்டு சௌந்தரபாண்டியன் ஹாரனை அழுத்தினார். கறுப்பு மறைந்தது.

பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துநர் மாரிசாமி கத்தினான். “அண்ணே! ஒருத்தரு முள்ளுக்குள்ள எறங்கிட்டாரு!”

“எறங்கத்தானலே ஹாரன் அடிச்சேன்?”

“சைக்கிளோட எறங்கிட்டாருண்ணே!”

“சைக்கிளை மட்டும் ரோட்டுல நிப்பாட்டிட்டு எறங்கச் சொல்லுதியாக்கும்?”

பேருந்துக்குள் சிரிப்பு எழுந்தது. வண்டியின் ஓரம் அந்த மனிதரின் மேல் பட்டதா என்றால், இல்லை. ஒரு முழத்திற்கு அப்பால்தான் கடந்தது. ஆயினும் அவர் முள்ளுக்குள் கிடந்ததைச் சன்னலோரத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து அதே பொழுதில், அதே சாலையில், விளக்கு வெளிச்சத்தில் வெண்மையாக ஒரு தலை தெரிந்தது. சௌந்தரபாண்டியனின் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவரின் உச்சந்தலை முழுவதும் வெள்ளைக் கட்டு. அது காதுகளை மூடிக்கொண்டு தாடைக்குக் கீழே சுற்றி மறுபடியும் மேலேறியிருந்தது. ஹாரனை அழுத்தப்போன கை பாதி வழியில் நின்றுவிட்டது. நோயாளியின் காதில் போய் எவன்தான் ஹாரன் அடிப்பான்? வண்டியை வலப்புறம் ஒதுக்கி, மெல்லக் கடந்தார்.

“ஐயோ பாவம்,” என்றாள் ஒரு கிழவி. “அன்னைக்கு முள்ளுல கெடந்த பாயில்லா அவரு?”

“அவரேதான். பேண்டேஜ் கம்பெனியில துணி மடிக்கிற பிச்சை முகம்மது.”

“இந்த வண்டிதானே?”

“இதே வண்டிதான்.”

அத்தனை பேருடைய பார்வையும் தம் பிடரியில் வந்து அமர்ந்ததைச் சௌந்தரபாண்டியன் உணர்ந்தார்.

முள்ளில் கிடந்ததையும் பார்த்தாயிற்று, கட்டையும் பார்த்தாயிற்று. இடையில் இருந்த பள்ளத்தை ஊர் தன் சொந்தச் செலவில் நிரப்பிக்கொண்டது. இடித்தது பக்கக் கண்ணாடி என்றனர் சிலர். பின்பக்கத்து ஏணி என்றனர் சிலர். சக்கரமே தலைமேல் ஏறியிறங்கிற்று என்று சாதித்த ஒருவரிடம், “டயர் ஏறினா மனுசன் பொழைப்பானா?” என்று டீக்கடை வேலுசாமி கேட்டதற்கு, “பாய்க்குக் கெட்டித் தலை,” என்று விடை வந்தது. டீக்கடை மம்சாபுரம் விலக்கில் இருந்தபடியால், பேச்சு நாலு திசைக்கும் பஸ் ஏறிப் போயிற்று.

பரிபூரணம் அம்மாளின் காதுக்கும் போயிற்று. கணவர் விட்டுப்போன பேருந்துகளைச் செபமாலையும் சாவிக்கொத்துமாக நின்று நடத்திவந்த அம்மையார் அவர். தம் வண்டி மனித இரத்தம் காணலாகாது என்பது அவருடைய வேண்டுதல். அவ்வாறு கண்டால் ஓட்டியவன் மறுநாள் முதல் ஷெட்டில் வண்டி கழுவ வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

ஷெட்டுக்கு வந்த அம்மாள் பேருந்தின் இடப்பக்கம் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே நடந்தார். ஒரு நெளிவில் விரல் நின்றது.

“இது எந்தத் தலைலே?”

“அது தலையில்லம்மா. ஷெட்டுத் தூணு. போன வருசம் பட்டது.”

“இது?”

“அது மாட்டுவண்டி நுகத்தடி. நம்ம மேல தப்பில்ல. மாடுதான் திரும்பிச்சு.”

“வாயில்லாச் சீவன் மேல பழி போடாத,” என்றார் அம்மாள். “சௌந்தரபாண்டி, கேட்டுக்க. நாளன்னைக்கு ஞாயித்துக்கெழம. பூசைக்கு முன்னால அந்தப் பாய்க்கு ஒண்ணுமில்லன்னு நான் என் கண்ணால பாக்கணும். பாக்கலைன்னா சாவியைப் பால்ச்சாமி கிட்டக் குடுத்துட்டு நீ வாளியைத் தூக்கு.”

பால்ச்சாமி என்பவன் மாற்று ஓட்டுநர்; முறை வரும்வரை வண்டி கழுவுபவன். அவன் அப்போது வாளியோடு பக்கத்திலேயே நின்றிருந்தான். முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டான்.

சௌந்தரபாண்டியன் அந்த வாளியைப் பார்த்தார். வண்டி கழுவ வந்து, கிளீனராகி, டிக்கெட் கிழித்து, எத்தனையோ கால்களை மிதித்தும் மிதிபட்டும் ஏறிய இருக்கை அது. ஊருக்கு முன்னால் அதை விட்டிறங்கி மீண்டும் வாளி தூக்குவதைக் காட்டிலும் மலையேறிச் செண்பகத்தோப்புக் காட்டுக்குள் போய்விடலாம் என்று தோன்றிற்று. வண்டியைக் காலைப் பொழுதுக்கு மாரிசாமியின் பொறுப்பில் நிறுத்திவிட்டுப் பேண்டேஜ் கம்பெனிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கம்பெனியின் உலர்த்தும் களத்தில் வெளுத்த துணி ஏக்கர் கணக்கில் விரிந்து கிடந்தது. கண் கூசிற்று. அதன் ஓரத்தில் ஒரு கூரையின்கீழ் பிச்சை முகம்மது உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டிருந்தார். தலையில் கட்டு இருந்தது.

“பாய்! தலைக்கு எப்படி இருக்கு?”

“தலைக்கு என்ன? இருக்கு.”

“இல்ல, காயம்?”

“என்ன காயம்?”

சௌந்தரபாண்டியனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒருங்கே வந்தன. “பொறவு எதுக்குய்யா தலையில கட்டு?”

“கட்டா?” பிச்சை முகம்மது தலையைத் தொட்டுப் பார்த்தார். “இது துணில்லா அண்ணாச்சி!”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மீசை முளைத்த நாள்முதல் அந்தத் துணியோடு பழகியவர். அது அவருக்கு எடையாகவும் அகலமாகவும் சிப்பமாகவும் தெரியும். வெளுப்பு மங்கினால் தெரியும், இழை அறுந்தால் தெரியும். அது போய்ச் சேரும் இடத்தில் அதற்குக் கீழே ஒரு புண் இருக்கும் என்பது மட்டும் அவருடைய நினைவில் ஒருநாளும் எழுந்ததில்லை.

“உங்க புண்ணியத்துல முள்ளுல விழுந்தேன்லா,” என்றார் அவர், சிறிதும் கோபமின்றி. “விழுந்து கெடந்து யோசிச்சேன். நம்மள அவியளுக்குத் தெரிய மாட்டேங்கு. தெரியற மாதிரி எதையாச்சும் கட்டணும். இதைவிட வெள்ளையா ஊருக்குள்ள என்ன இருக்கு? முண்டாசாக் கட்டினேன், காத்துல பறந்துட்டு. தாடைக்குக் கீழ ஒரு சுத்து விட்டேன், நின்னுட்டு.”

“அது ஆசுபத்திரிக் கட்டு பாய்!”

“அப்படியா?” பிச்சை முகம்மது கட்டின்மேல் தட்டிப் பார்த்தார். “அதான் வேலுசாமி எனக்கு மட்டும் டீயில சீனி கூடப் போடுதாராக்கும்! நானும் பாக்கேன், லாரிக்காரன் வெலகிப் போறான். ஜீப்புக்காரன் கும்பிட்டுட்டுப் போறான். நீங்களே பூனை மாதிரில்லா போனீய! தார்ல போறதுக்கு எம்புட்டு சொகமா இருக்கு தெரியுமா? எம் பொஞ்சாதி ஹபீபுன்னிசா கேக்கா, என்ன இப்பல்லாம் உங்க சட்டையில முள்ளு எடுக்கற வேலையே இல்லைன்னு.”

கட்டை அவிழ்த்தார். வழுக்கைத் தலை வெயிலில் பளபளத்தது. அதைக் கண்டு சௌந்தரபாண்டியன் அடைந்த பரவசத்தைச் சொல்லி முடியாது. வாளி, பால்ச்சாமி, பூசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

“வாரேன்,” என்றார் பிச்சை முகம்மது. “ஒரு மனுசன் பொழப்பு போகக் கூடாது. ஆனா இதை அவுத்துட்டா நான் பழையபடி தெரிய மாட்டேனே?”

“இனிமே உங்களைப் பாத்து ஹாரனே அடிக்க மாட்டேன் பாய். சத்தியம்.”

“ஐயையோ! ஹாரன் அடிக்காட்டி நீங்க வருதது எனக்கு எப்படித் தெரியும்?”

“சரி, அடிக்கேன்.”

“அடிச்சா நான் பயந்து முள்ளுக்குப் போவேனே?”

“மெதுவா அடிக்கேன்.”

“உங்க ஹாரனுக்கு மெதுவாத் தெரியுமா?”

சௌந்தரபாண்டியன் உண்மையை ஒப்புக்கொண்டார். தெரியாது. இறுதியில், விளக்கை ஒருமுறை தாழ்த்தி ஏற்றுவதென்றும், தாரில் ஒன்றரை முழம் பிச்சை முகம்மதுக்கு என்று விட்டுக்கொடுப்பதென்றும், அதற்கு ஈடாக அவர் இனிக் கட்டுக் கட்டுவதில்லை என்றும் உடன்படிக்கை ஏற்பட்டது. இருவரும் கைகொடுத்துக்கொண்டனர்.

அன்று நண்பகலிலேயே பிச்சை முகம்மது பரிபூரணம் அம்மாளின் முன்னால் தலையைக் குனிந்து நின்றார். அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தலையை நிலப்படம் பார்ப்பதுபோல் பார்த்தார். காதுக்கு மேலே ஒரு நீண்ட தழும்பு இருந்தது.

“இது என்ன பாய்?”

“அது சின்ன வயசுல புளியமரத்துல இருந்து விழுந்ததும்மா.”

“புளியமரத்துல.”

“ஆமாம்மா.”

“பஸ்ஸுல இல்ல.”

“சத்தியமா இல்லம்மா. இவரு தங்கமான மனுசன்.”

அம்மாளின் கண்கள் கலங்கின. “பாத்தியாலே,” என்றார் சௌந்தரபாண்டியனிடம். “எம்புட்டு நல்ல மனுசன்! தலையையும் குடுத்துட்டு, சொல்லிக்குடுத்ததையும் அப்படியே சொல்லுதாரு. இவரை என்ன சொல்லி மிரட்டிக் கூட்டிட்டு வந்த? மோர் குடிங்க பாய். தலையில வெயில் படாமப் பாத்துக்கிடுங்க.”

வெளியே வந்ததும் பிச்சை முகம்மது மிகவும் வருந்தினார். “புளியமரத்தைச் சொல்லாம இருந்திருக்கலாமோ?”

“இருந்த மரம்தானே பாய். என் நேரம்.”

“ஆனாலும் வாக்கு வாக்குதான் அண்ணாச்சி. கட்ட மாட்டேன். நீங்க பாத்து வாங்க.”

சௌந்தரபாண்டியன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. மேலும் ஒரு பேரிடி அன்று மாலையே காத்திருந்தது. பேண்டேஜ் கம்பெனி ஆட்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. பிச்சை முகம்மது அல்லர், வேறோர் இளைஞன். அவனுக்கு முன்னால் இன்னொருவன். அதற்கும் முன்னால் இருவர், ஒரே சைக்கிளில், இரண்டு கட்டுகளோடு. வெள்ளைக் கட்டுப் போட்டால் தார் கிடைக்கிறது என்னும் செய்தி கம்பெனிக்குள் பரவிவிட்டது. துணிக்கோ பஞ்சமில்லை, ஓரம் கிழிந்து கழித்துப்போட்டது கூடை கூடையாகக் கிடந்தது.

“அண்ணே,” என்றான் மாரிசாமி. “இம்புட்டுப் பேரையுமா நாம இடிச்சோம்?”

“நாம ஒருத்தரையும் இடிக்கலைலே!”

“எனக்குத் தெரியும்ணே. வண்டிக்குள்ள இருக்கவங்களுக்குத் தெரியலையே.”

சனிக்கிழமை காலைக்குள், சௌந்தரபாண்டியன் ஒரு கம்பெனியின் பாதி ஆட்களைப் படுகாயப்படுத்தியவர் ஆனார். சாயங்கால நடைக்கு வண்டி புறப்படும்போது பரிபூரணம் அம்மாள் கையில் செபமாலையோடு வந்து, முன்னிருக்கையில் அமர்ந்திருந்த இருவரை எழுப்பிவிட்டு அமர்ந்தார்.

“ஓட்டு,” என்றார். “நான் பாக்கணும்.”

சௌந்தரபாண்டியன் தம் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியதில்லை. போட்டி வண்டி அவர்களை முந்திக்கொண்டு கெக்கலி கொட்டியதுபோல் பறந்தது. ஊரெல்லை தாண்டியதும் இருள் கவிந்தது. முதல் வெள்ளைத் தலையைக் கண்டதும் அம்மாள் சிலுவை அடையாளம் போட்டார். இரண்டாவதற்கும் போட்டார். பின்னர் போடுவதற்குக் கை போதவில்லை. சாலை நெடுகிலும் கட்டுப்போட்ட தலைகள் மணியடித்துக்கொண்டும் சிரித்துப் பேசிக்கொண்டும் தாரின்மேல் சாவதானமாகப் போய்க்கொண்டிருந்தன.

மம்சாபுரம் விலக்கில் கேரளத்து லாரி ஒன்று நின்றிருந்தது. அதை ஓட்டிவந்தவன் வேலுசாமியிடம், பக்கத்தில் எங்கேனும் இரயில் கவிழ்ந்துவிட்டதா என்று கவலையோடு விசாரித்துக்கொண்டிருந்தான்.

“நிப்பாட்டு!” என்றார் அம்மாள்.

இறங்கினார். சௌந்தரபாண்டியனும் பின்னால் இறங்கினார். மம்சாபுரத்துப் பாதையில் திரும்புவதற்காகச் சைக்கிள்கள் கூட்டமாக நின்றிருந்தன. ஒன்றின் பின்னிருக்கையில், கணவனின் முதுகைப் பிடித்துக்கொண்டு சண்முகத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே கம்பெனிதான். அவள் தலையிலும் கட்டு. கட்டின்மேல், கொண்டை இருக்கும் இடம் பார்த்து, ஒரு முழம் கனகாம்பரம்.

பரிபூரணம் அம்மாள் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏட்டி, காயத்து மேலயா பூ வச்சிருக்க?”

“காயமா? யாருக்கு?” என்றாள் சண்முகத்தாய். “இது லைட்டும்மா. இந்தா நிக்காகள்லா உங்க டிரைவரு, அவிய கண்ணுக்குத் தெரியணும்லா! வீட்டுக்குப் போனதும் அவுத்து, அடுப்புத் துணியாக்கிக்கிடுவேன்.”

“அப்ப யாரையும் இடிக்கலையா?”

“இடிச்சா இப்படியா நிப்போம்? முள்ளுக்குள்ள தள்ளுவாக. அது தெனமும் உள்ளதுதான்.”

அம்மாளுக்கு முதலில் தோள்தான் குலுங்கிற்று. பிறகு வாய்விட்டே சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார். சௌந்தரபாண்டியன் சாலையோரத்து மைல்கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எந்திரிலே. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்,” என்றார் அம்மாள். “பால்ச்சாமிக்குப் புது வாளி வாங்கிக் குடுத்துருவோம்.”

வண்டி மறுபடியும் புறப்பட்டது. வெள்ளைத் தலைகள் எல்லாம் மம்சாபுரத்துப் பக்கம் திரும்பிவிட்டன. முன்னால் சாலை காலியாக, கறுப்பாக, நேராகக் கிடந்தது. சௌந்தரபாண்டியனின் மார்பின்மேல் இருந்த பாறை உருண்டு போயிற்று. போன இடத்தில் பழைய வேகம் வந்து உட்கார்ந்தது. போட்டி வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் பிடித்துவிடலாம். கால் அழுத்திற்று. முதலாளியம்மாளே அருகில் இருக்கிறார், இருக்கை தம்முடையது, சாலையில் ஒரு வெள்ளையும் இல்லை.

ஒரு வெள்ளையும் இல்லாத அந்தக் கறுப்பில் ஏதோ அசைந்தது.

ஹாரன் அடிக்க நேரமில்லை. இருகாலையும் பிரேக்கில் ஊன்றி எழுந்தே நின்றுவிட்டார். பேருந்து கதறிக்கொண்டு நின்றது. மூட்டைகள் உருண்டன. மாரிசாமி மடியில் வந்து விழுந்ததாக ஒரு பெரியவர் பின்னால் திட்டினார். அம்மாளின் செபமாலை எஞ்சின் மூடியின்மேல் கிடந்தது.

வண்டியின் மூக்குக்கு ஒரு கை தூரத்தில், விளக்கணைந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெறுந்தலையோடு பிச்சை முகம்மது நின்றிருந்தார். தாரில், தமக்குரிய ஒன்றரை முழத்திற்குள்தான் நின்றிருந்தார்.

“அவுத்துட்டேன்லா அண்ணாச்சி,” என்றார். “வாக்குக் குடுத்தேன்லா.”

சௌந்தரபாண்டியன் இறங்கி அவரிடம் போனார். இந்தச் சாலையிலேயே தம் கண்ணுக்குத் தெரியாத ஒரே மனிதர், தமக்காகக் கட்டை அவிழ்த்தவர். இன்னும் ஒரு கை நீளம், அவ்வளவுதான். இருக்கை போயிருக்கும் என்னும் நினைவே அவருக்கு வரவில்லை. அந்த வழுக்கைத் தலைதான் கண்ணில் நின்றது.

“அந்தத் துணி எங்க பாய்?”

“சோத்துப்பையில இருக்கு. மடிச்சு வச்சிருக்கேன்.”

“எடுங்க.”

“உடன்படிக்கை?”

“அது கெடக்கு. நீங்க தலையைக் குடுங்க.”

பேருந்தின் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு சௌந்தரபாண்டியன் கட்டுப் போடத் தொடங்கினார். முதல் சுற்றில் ஒரு கண் மறைந்தது. “அண்ணாச்சி, எனக்கும் ரோடு தெரியணும்,” என்றார் பிச்சை முகம்மது. அவிழ்த்துத் திரும்பவும் சுற்றினார். அம்மாள் முன்னிருக்கையிலிருந்து, “தாடைக்குக் கீழ விடுலே, தாடைக்குக் கீழ!” என்று வழி சொன்னார்.

சன்னல்கள் அத்தனையிலும் தலைகள் முளைத்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்கு வெற்றிலைக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒருவர், பக்கத்தில் இருந்தவரின் விலாவில் இடித்தார்.

“பாத்தீரா? இடிச்சவனே கட்டும் போடுதான். ஊரு என்னத்தச் சொன்னாலும், ஆளு நல்ல மனுசன்தான்வே.”